கேள்வி நேரம்: ஏர் கன் குழல் நீளமாக இருந்தால் குறி தப்பாதா?

கேள்வி: இரண்டரை ஏக்கரில் மானாவாரி நிலக்கடலை போட்டிருக்கிறேன். விதைத்த நாளிலிருந்து மயில் தொல்லை. காய் பிடித்த பிறகு எலித் தொல்லை. ஏர் கன் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். 12 அங்குலக் குழல் உள்ளது ஒரு விலை, 18 அங்குலக் குழல் உள்ளது அதைவிடக் கூடுதல் விலை. 'குழல் நீளமாக இருந்தால்தான் குறி தப்பாது' என்கிறார் கடைக்காரர். பிளஸ் டூ படிக்கும் மகனும் நீளமானதே வேண்டும் என்கிறான். கூடுதல் பணம் கொடுப்பது சரியா?
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குழல் நீளம் பற்றி நீங்கள் கேட்டது ஒன்று. இந்தத் துப்பாக்கி உங்கள் கடலையைக் காப்பாற்றுமா என்பது நீங்கள் கேட்காமல் விட்டது. முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான விடை: குழல் நீளத்தால் மட்டும் குறி கூடாது. நீளத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

குழலுக்குள் என்ன நடக்கிறது?

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் ரகம். விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டு, பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முன்னால் இருக்கும் காற்றை ஒரே நொடியில் நசுக்கும். அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்பை ஒரே ஒரு தடவை ஓங்கி அடிப்பது போன்ற வேலை இது. அந்த ஒரு அடியின் பலம் முழுவதும் குண்டு சில அங்குலம் நகர்வதற்குள் தீர்ந்துவிடும். ஏறத்தாழ 6 முதல் 10 அங்குலத்துக்குள் குண்டு பெற வேண்டிய வேகத்தைப் பெரும்பாலும் பெற்றுவிடுகிறது. அதற்கு மேல் உள்ள குழலில் காற்றின் தள்ளல் குறைந்து, உராய்வுதான் மிஞ்சும்.

அப்படியானால் ஏன் நீளமாகச் செய்கிறார்கள்? மடக்கும் ரகத்தில் குழல்தான் நெம்புகோல். கடப்பாரை நீளமாக இருந்தால் கல்லைப் புரட்டுவது எளிது அல்லவா? அதேபோல், குழல் நீளமாக இருந்தால் ஸ்பிரிங்கை மடக்கக் கை வலிக்காது.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் ரகம் வேறு. கடையில் பி.சி.பி. என்பார்கள். அதில் வால்வு திறந்திருக்கும் நேரம் வரை காற்று குண்டைத் தள்ளிக்கொண்டே வரும். அடுப்பங்கரை ஊதாங்குழலில் மூச்சை விடாமல் ஊதுவது மாதிரி. அதில் நீளமான குழல் வேகத்தைக் கூட்டும். ஆனால் கூடுவது வேகம்தான், குறி அல்ல.

வேகம் வேறு, குறி வேறு

வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 20 மீட்டர் தூரத்தைக் கடக்க 0.1 வினாடி ஆகும். அதற்குள் அது சுமார் 5 செ.மீ. கீழே இறங்கும். 250 மீட்டர் வேகம் என்றால் சுமார் 3 செ.மீ. இறங்கும். காற்றின் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு இது. இந்த இரண்டு செ.மீ. வித்தியாசத்தைப் பின்குறியின் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுகிறதா, சிதறுகிறதா என்பதுதான் குறி. சிதறலை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

'வினாடிக்கு 1,000 அடி வேகம்' என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அது தடுமாறும். சிதறல் கூடவே செய்யும்.

'குழல் நீளமாக இருந்தால் குண்டு அதிகமாகச் சுழலும், அதனால் நேராகப் போகும்' என்றும் சிலர் சொல்வார்கள். குழலின் உட்சுவரில் திருகாணி மறைபோல வரிகள் வெட்டியிருக்கும். ஏர் கன்னில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எவ்வளவு விரைவாகச் சுழல வேண்டும் என்பதை அந்த மறையின் இடைவெளியும் குண்டின் வேகமும் முடிவு செய்கின்றன. குட்டையான குழலில் குண்டு அரைச் சுற்றுதான் சுற்றும் என்றாலும், வெளியே வந்த பிறகு அதே விரைவில் சுழன்றுகொண்டே போகும்.

நீளம் உதவும் ஓர் இடம்

டெலஸ்கோப் இல்லாமல், முன்குறியையும் பின்குறியையும் சேர்த்துப் பார்த்துச் சுடுபவர்களுக்கு நீளம் உதவும். இரண்டு குறிகளுக்கும் இடையே 40 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். கண் அரை மி.மீ. தவறினால் 20 மீட்டர் தூரத்தில் குண்டு 25 மி.மீ. விலகும். இடைவெளி 60 செ.மீ. ஆனால் அதே தவறுக்கு விலகல் சுமார் 17 மி.மீ.தான். வரப்புக்குக் கயிறு பிடிக்கும்போது முளைகள் தள்ளித் தள்ளி இருந்தால் கோணல் குறைவது போலத்தான். இங்கே வேலை செய்வது குறிகளின் இடைவெளி. டெலஸ்கோப் மாட்டிவிட்டால் இந்த ஆதாயமும் போய்விடும்.

ஒலிம்பிக் போட்டியைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டம் 0.5 மி.மீ. புள்ளிதான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் போட்டியில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே பிரிவு. அந்தத் துப்பாக்கிகளின் குழல் சுமார் 42 செ.மீ., அதாவது பதினாறரை அங்குலம். குண்டின் வேகமும் வினாடிக்குச் சுமார் 175 மீட்டர்தான். குறி இடைவெளி போதாதவர்கள் குழலின் முனையில் வெறும் குழாய் ஒன்றை மாட்டி, அதன் மேல் முன்குறியை வைத்துக்கொள்கிறார்கள்.

குறியைத் தீர்மானிப்பவை

* குண்டு: ஒரே அளவு, ஒரே எடை. பாவாடை நசுங்கிய குண்டு நேராகப் போகாது.
* குழலின் வாய்: குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் விளிம்பு. அதில் சிறு நெளிவு இருந்தாலும் சிதறும்.
* மடக்கும் மூட்டு: குழலை மூடிய பிறகு கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள்.
* பிடி: ஸ்பிரிங் ரகம் சுடும்போது முன்னும் பின்னும் உதறும். இறுக்கிப் பிடித்தாலோ, கல், கட்டை மேல் வைத்தாலோ குண்டு விலகும். தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும்.
* விசை: வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல அழுத்த வேண்டும்.

நீளத்துக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தில் இரண்டு மூன்று ரகக் குண்டுகள் வாங்கி, 10 மீட்டரில் ரகத்துக்கு ஐந்தாகச் சுட்டுப் பார்த்தால், எது நெருக்கமாக விழுகிறது என்று தெரிந்துவிடும்.

இனி, நீங்கள் கேட்காதது

மயிலை நோக்கி இந்தத் துப்பாக்கியைத் தூக்கவே கூடாது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும்கூடச் சட்டப்படி வேட்டைதான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. ஒரு போகக் கடலைக்காகப் பிளஸ் டூ படிக்கும் பையனின் பெயர் வழக்கில் ஏறுவதை எந்தத் தகப்பனும் விரும்ப மாட்டார். 'பயமுறுத்தத்தான் சுட்டேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

மயிலுக்குச் செய்ய வேண்டியது: விதைப்பிலிருந்து முளைத்து வேர் பிடிக்கும் வரை உள்ள நாட்களில் காவலைக் கூட்டுங்கள். காலை, மாலை இரு வேளையும் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். பளபளக்கும் ரிப்பனைப் பயிருக்குச் சற்று மேலே முறுக்கிக் கட்டுங்கள். காற்றில் மின்னி ஒலி எழுப்பும். சில நாளில் மயில் பழகிவிடும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஓரங்களில் பழைய மீன்வலையோ சேலையோ கட்டினால் நடந்து வருவது குறையும்.

எலி இரவில் வருவது. இருட்டில் ஓடும் எலியை எந்தக் குழலாலும் தீர்க்க முடியாது. ஒன்றைச் சுட்டால் வளையில் பத்து இருக்கும். வரப்பைச் சிறிதாக்கிப் புல் இல்லாமல் வையுங்கள். வளைகளை மண்ணால் மூடி, மறுநாள் திறந்திருப்பவற்றை மட்டும் கவனியுங்கள். அவற்றின் வாயில் தஞ்சாவூர் கிட்டி வைக்கலாம். ஆந்தை உட்கார T வடிவக் குச்சிகளை நடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களும் அதே வாரத்தில் சேர்ந்து செய்தால்தான் பலன்.

துணைக் கேள்விகள்

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேல் இருந்தாலோ, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் இருந்தாலோ உரிமம் வேண்டும். வாங்கும்போது இந்த இரண்டு அளவும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

காட்டுப்பன்றிக்கு உதவுமா?
உதவாது, ஆபத்து. இந்தக் குண்டு பன்றியைக் காயப்படுத்துவதோடு சரி. காயம்பட்ட பன்றி ஆள் மேல் பாயும். சட்டமும் அனுமதிக்காது. சேதமான பயிரைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள்.

பையன் குறி பழக ஆசைப்படுகிறான். தவறா?
தவறே இல்லை. மாவட்ட ரைபிள் கிளப்பில் பயிற்சியாளர் மேற்பார்வையில் பழகட்டும். வீட்டு முற்றத்தில் வேண்டாம். 4.5 மி.மீ. குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதும். கல்லில் பட்டுத் திரும்பும்; குறி தவறினால் சில நூறு மீட்டர் வரைகூடப் போகும். கடலைக் காட்டில் களையெடுக்கும் பெண்கள் குனிந்தபடி இருப்பார்கள், தூரத்திலிருந்து தெரியாது.

துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ரிப்பனும் வலையும் கிட்டியும் வாங்குங்கள். இந்தப் போகத்துக் கடலைக்கு அவைதான் காவல். மகனுக்கு ஆர்வம் நிலைத்தால், கிளப்பில் கேட்டுத் துப்பாக்கி வாங்கலாம். அப்போதும் குழல் நீளத்தைக் கடைசியாகப் பாருங்கள்.