காவலருக்குத் தாய்மொழி, அதிகாரிக்கு இந்தி

ஐதராபாத்தின் அமீர்பேட்டில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களின் பலகைகள் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. கிராமத்துக் குடும்பங்களின் சேமிப்பு அங்கே கட்டணமாகக் கரைகிறது. தெலுங்கு வழியில் பயின்ற இளைஞர் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்கு அமர்ந்தால், வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. முதன்மைத் தேர்வைத் தெலுங்கில் எழுதலாமாம்! வாசலை அடைத்துவிட்டு உள்ளே பந்தி விரிப்பதா சமத்துவம்?

கனடா 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கூட்டாட்சி நிறுவனங்களில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சமநிலை அளித்தது. அவ்விரண்டும் அந்நாட்டுப் பெரும்பான்மையோரின் தாய்மொழிகள். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ள இந்தியாவுக்கு இருமொழி நிர்வாகம் எப்படிப் பொருந்தும்?

நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதத்தை ஒன்றிய அரசே பொய்யாக்கிவிட்டது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. அதே படைகளின் உதவிக் கமாண்டன்ட் தேர்விலோ இந்தியும் ஆங்கிலமும்தான். கீழ்ப்படிவோருக்குத் தாய்மொழி, ஆணையிடுவோருக்கு ஆதிக்க மொழி! இது மொழிப் பாகுபாடு மட்டுமன்று, வர்க்கப் பாகுபாடும் ஆகும்.

ஒன்றியத் தேர்வுகள் அனைத்தும் 22 மொழிகளிலும் நடத்தப்பட வேண்டும். தமிழுக்கு மட்டும் கேட்பது பாதி ஜனநாயகமே. அமீர்பேட்டின் தெலுங்கு இளைஞருக்காகவும் தமிழகத் தோழர்கள் குரலெழுப்புவோம்.