நியூட்டனும் புதூர்க்காரர்தான்!



குன்னூர் பக்கத்தில் நான் ஆசிரியராக வேலை பார்த்தபோது நடந்தது இது. தேர்வு விண்ணப்பத்தில் சொந்த ஊரின் பெயரை எழுதச் சொன்னேன். ஹட்டியிலிருந்து நடந்து வரும் மாணவன் ஒருவன், 'வெல்லிங்டன்' என்று எழுதியிருந்தான்.

''ஏம்ப்பா, உன் ஊர் அது இல்லையே?'' என்றேன்.

தலையைக் குனிந்து கொண்டான். ''எங்க ஊர் பேரு பட்டிக்காட்டுப் பேரு சார்... எல்லாரும் சிரிப்பாங்க. வெல்லிங்டன்னா நல்லா இருக்கு!'' என்றான்.

எனக்கு மனசு வலித்தது. மறுநாள் வகுப்பில் வெல்லிங்டனின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் என்ன செய்வோம்? 'புதூர் முருகன்', 'மேட்டுப்பட்டி முருகன்' என்று ஊரைச் சேர்த்துச் சொல்வோம் அல்லவா? இங்கிலாந்திலும் அப்படித்தான். பல நூறு ஆண்டுகளுக்கு முன், அங்கே எங்கு பார்த்தாலும் ஜான், வில்லியம்! அடையாளம் தெரிவதற்காக ஊர்ப் பெயரையும் ஒட்டிச் சொன்னார்கள். நாளடைவில் அதுவே பிள்ளை, பேரன் என்று தொடர்ந்து, குடும்பப் பெயராகி விட்டது.

பழைய ஆங்கிலத்தில் 'டன்' என்றால் பண்ணை, சிற்றூர். 'நியூ' என்றால் புதிய. அப்படியானால் 'நியூட்டன்' என்பதற்கு என்ன பொருள்? புதூர்! ஆம், மாபெரும் விஞ்ஞானி ஐசக் நியூட்டனின் பெயரை நம் ஊர் வழக்கில் சொன்னால், 'புதூர் ஐசக்' தான்! அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் குடும்பப் பெயரும், இங்கிலாந்தின் பழைய டர்ஹாம் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரே.

வெல்லிங்டன் பிரபுவின் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1769ல் அயர்லாந்தில் பிறந்தவர். வெல்லெஸ்லி என்பது இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்தில், வெல்ஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள சின்னஞ்சிறு இடம். 'லி' என்றால் காட்டைத் திருத்திய வெளி. வேடிக்கை என்னவென்றால், ஆர்தரின் தாத்தாவின் குடும்பப் பெயர் கோலி! உறவினர் ஒருவரின் சொத்து வந்தபோது, 1728ல் அந்த உறவினரின் பெயரையும் சேர்த்து ஏற்றுக் கொண்டார். ஊரின் பெயர், சொத்தோடு சேர்ந்து வந்து விட்டது!

ஆர்தர் 1797 முதல் 1805 வரை இந்தியாவில் இருந்தார். 1799ல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டார். 1809ல் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. அப்போது அவர் ஸ்பெயின் போர்க்களத்தில் இருந்ததால், அண்ணன் வில்லியமே வரைபடத்தைப் பார்த்துப் பட்டப் பெயரைத் தேடினார். வெல்லெஸ்லியைப் போலவே ஒலிக்கிற, அதே சாமர்செட்டில் இருக்கிற ஊரான வெல்லிங்டனைப் பிடித்தார்! 1815ல் வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற பிறகு, அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. நியூசிலாந்தின் தலைநகரம் கூட வெல்லிங்டன் தான்.

நீலகிரிக்கு எப்படி வந்தது? குன்னூர் அருகே 1850களில் ஆங்கிலேயர் ராணுவக் குடியிருப்பு கட்டினார்கள். அந்த இடத்தின் பெயர் ஜக்கதளா. குடியிருப்பையும் முதலில் அப்படித்தான் அழைத்தார்கள். பிரபு 1852ல் இறந்தார். பிறகே அவர் நினைவாக வெல்லிங்டன் என்று மாற்றினார்கள். 1947லிருந்து முப்படை அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி அங்கேதான் இயங்குகிறது. பழைய பெயர் அழிந்து விட்டதா? இல்லை! பக்கத்திலேயே ஜெகதளா பேரூராட்சியாக இன்றும் வாழ்கிறது.

''பார்த்தாயா? வெல்லிங்டனும் ஒரு பட்டிக்காட்டுப் பெயர்தான். இன்னொருவரின் கிராமத்துப் பெயர். அவர்கள் அதைக் கூச்சப்படாமல் உலகம் முழுவதும் கொண்டு போனார்கள். நீ உன் ஊரை மறைக்கலாமா?'' என்றேன். மாணவன் எழுந்து வந்து, விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினான். வெல்லிங்டனை அடித்து விட்டு, தன் ஹட்டியின் பெயரை அழகாக எழுதினான்.

நம் பெரியவர்களும் அப்படித்தானே? உ.வே.சா.வின் 'உ', உத்தமதானபுரம். அறிஞர் அண்ணாவின் முதல் எழுத்து, காஞ்சிபுரம்.

குழந்தைகளே! ஹட்டி, மந்து, பட்டி, பாடி, குடி... உங்கள் ஊர்ப் பெயர் எதில் முடிந்தாலும், அதில் உங்கள் முன்னோரின் கதை இருக்கிறது. வெளிநாட்டுப் பெயரைக் கேலி செய்யவும் வேண்டாம். நம் பெயருக்காகக் கூசவும் வேண்டாம். இந்த ஞாயிறன்று தாத்தா, பாட்டியிடம், ''நம்ம ஊருக்கு இந்தப் பேரு எப்படி வந்தது?'' என்று கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். கேட்பீர்கள் தானே?

அன்புடன்,
ஆசிரியர் தாத்தா