சுராங்கனியும் தொல்காப்பியரும்

சென்ற திங்கள் என் மாணவருக்கு ‘நான் போற்றும் கலைஞர்’ என்னும் தலைப்பில் கட்டுரை வரையுமாறு பணித்தேன். பலர் பாரதியாரையும் விபுலானந்த அடிகளாரையும் எழுதி வந்தனர். ஒருவன் மட்டும் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனை எழுதி வந்தான். “தம்பி, இது இலக்கிய வகுப்பு, வேறொருவரைப் பற்றி எழுதி வாரும்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் மறுமொழி கூறாது சென்றான்.

அன்று மாலை கண்டியிலிருந்து கலகா செல்லும் பேருந்தில் ஏறினேன். பின்னிருக்கைகளில் சிங்களப் பிள்ளைகளும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்திருந்து, இருக்கையைத் தட்டித் தாளமிட்டு, ‘சுராங்கனி’ பாடினர். பாட்டின் சிங்கள அடிகளைத் தமிழ்ப் பிள்ளைகளும், தமிழ் அடிகளைச் சிங்களப் பிள்ளைகளும் தயக்கமின்றிப் பாடக் கேட்டேன். என் உதடுகளும் அசைந்தன. பகலில் தள்ளிய ஒன்றை மாலையில் நானே முணுமுணுத்தேன். இதனினும் நாணத்தக்கது யாது?

மனோகரன் யார்? ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையைக் கடல் கடந்து கொண்டு சென்றவர். ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ எனப் பெற்றவர். 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ முதலிய ஈழத்துப் படங்களில் நடித்தார். பின் தமிழகம் சென்று ‘சிலோன் மனோகர்’ என்னும் பெயரோடு திரையில் தோன்றினார். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகப் படத்தில் சுராங்கனிப் பாட்டு இளையராசாவின் இசையில் ஒலித்தது. 2018 சனவரி 22ஆம் நாள் சென்னையில் மனோகரன் மறைந்தார். அவரோடு இத்துறையில் நினைக்கத்தக்கவர் நித்தி கனகரத்தினம். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என அவர் பாடியது வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு அயலானதன்று.

இவர்கள் கைக்கொண்ட பைலா மெட்டு, போர்த்துக்கீசரும் அவரோடு வந்த ஆபிரிக்கரும் இத்தீவின் கரையோரங்களில் விட்டுச் சென்ற ஆடலிசையின் வழிவந்தது. போர்த்துக்கீசருக்கு அடிபணியாத கண்டி, அவர் தாளத்துக்கு மட்டும் அடிபெயர்த்தது! மீன் கொணர்ந்த செய்தியைச் சுராங்கனி என்னும் பெண்ணுக்குக் கூறும் இந்நெய்தற் பாட்டு, நம் குறிஞ்சி மலைகளிலும் குடிகொண்டுவிட்டது.

“இப்பாட்டுக்களில் ஆழ்ந்த பொருள் உண்டோ? மொழிக்கலப்பு அன்றோ?” எனப் புலவர் வினவுவர். நானும் அவ்வாறே வினவியவன். எல்லாப் பொப்பிசையும் நன்றென இன்றும் கூறேன். சொல் மெலிந்தவை பல உள. ஆயினும் தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புக் கூறுங்கால், சேரிமொழியால் எளிதில் பொருள் விளங்குவதைப் ‘புலன்’ என்றும், புதிதாகப் புனைவதை ‘விருந்து’ என்றும் இடமளித்தார். இளங்கோவடிகளோ பரதவர் பாட்டையும் ஆய்ச்சியர் குரவையையும் தம் காப்பியத்தில் ஏற்றார். அப்பெரியோர் திறந்து வைத்த கதவை அடைக்க நாம் யார்?

மற்றொன்றும் எண்ணுக. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் இந்நாட்டில் இரு மொழிகளும் எதிரெதிர் நிறுத்தப்பட்டன. பிள்ளைகள் தனித்தனி மொழிவழி வகுப்புக்களில் வளர்ந்தனர். அத்தகைய காலத்தில் இரு மொழியையும் ஒரே பாட்டில் அருகருகே அமர்த்தி, இரு சாராரையும் சேர்ந்து பாடவைத்தான் ஒரு தமிழ்க் கலைஞன். மேடைப் பேச்சுக்கள் பல செய்யமாட்டாத பணி அது.

ஆயினும் இக்கலைஞரின் வரலாற்றை நாம் முறையாக எழுதி வைத்தோமா? அவர் பாடக் கேட்டு ஆடிய தலைமுறைக்கு நரை மூடிவிட்டது. இசைத்தட்டுக்களும் நிகழ்ச்சி அழைப்பிதழ்களும் வீட்டு மூலைகளில் மக்குகின்றன. ஆசிரியப் பெருமக்களே, மாணவரைக் கொண்டு அவற்றைத் திரட்டுவிப்பீர்களாக. முதியோரிடம் கேட்டு எழுதுவிப்பீர்களாக. பள்ளி நூலகத்தில் ஓர் அடுக்கு அதற்குப் போதும்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, “அக்கட்டுரையைத் தாரும், படிக்கின்றேன்” என்றேன். “கிழித்துப் போட்டேன், சேர்” என்றான் தலைகுனிந்து. குனிய வேண்டியது அவன் தலையன்று. “மீண்டும் எழுதும், தம்பி, இம்முறை நானும் உடனிருந்து தகவல் தேடித் தருவேன்” என்றேன். எழுதிக்கொண்டிருக்கின்றான். அது நிறைவெய்தும் நாளில், வகுப்பில் முதலில் வாசிக்கப்பெறும் கட்டுரை அதுவேயாகும்.