ஏஞ்சலினா எலியும் ரங்கன் வாத்தியாரும்

ஏஞ்சலினா பாலரினானு ஒரு எலிக்குட்டி. தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கேத்தரின் ஹோலபர்ட் கதை எழுதி, ஹெலன் கிரெய்க் படம் போட்டு 1983-ல வந்த புத்தகம். 2000-களோட ஆரம்பத்துல இங்கிலாந்துல கார்ட்டூன் தொடராச்சு. 2009-ல 'தி நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்'னு கம்ப்யூட்டர் அனிமேஷன்ல இன்னொரு ரவுண்டு வந்துச்சு. கதை ரொம்ப சிம்பிள். எலிக்கு பாலே டான்ஸ் பைத்தியம். எழுந்தா ஆட்டம், உக்காந்தா ஆட்டம்.

எங்க வீட்டு வாண்டு யூடியூப்ல இதைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்கு. கூட உக்காந்து பார்த்ததுல எனக்குப் பிடிச்சது எலியோட ஆட்டத்தை விட, எலியைச் சுத்தி இருக்கிற கேரக்டர்கள்தான்.

முதல்ல அப்பா அம்மா. முதல் புத்தகத்துல இந்தக் குட்டி ரூமை குப்பையா போட்டு வைக்கும், ஸ்கூலுக்கு லேட்டா போகும். காரணம் ஆட்டம். நம்ம ஊரா இருந்தா விளக்குமாறு பறந்திருக்கும். அவங்க ஒரு பிங்க் டிரஸ் வாங்கிக் குடுத்து மிஸ் லில்லிகிட்ட கிளாஸ்ல சேர்த்து விடுறாங்க. ஆசையை கிளாஸ்ல இறக்கி வச்ச உடனே வீட்டு வேலை, ஸ்கூல் எல்லாம் தானா ஒழுங்காயிடுது.

அடுத்து கூட ஆடுற பசங்க. ஆலிஸ் உயிர்த்தோழி. பிரிசில்லா, பெனலப்பினு பிங்க்பாஸ் வீட்டு ரெட்டைப் புள்ளைங்க, பயங்கர பந்தா. வில்லியம்னு ஒரு கூச்ச சுபாவப் பையன். மாமா பையனோ சித்தப்பா பையனோ, ஹென்றினு ஒரு பொடியன். ஆம்பளப் பசங்களும் அதே கிளாஸ்லதான் ஆடுறாங்க, அதை யாரும் ஒரு விஷயமாவே எடுத்துக்கிறதில்ல. ஏஞ்சலினாவும் ஒண்ணும் தங்கமான புள்ள இல்ல. ஹென்றி பேர் வாங்குனா வயிறு எரியும். தங்கச்சி பொறந்தப்ப ரூமையே துவம்சம் பண்ணும். எந்தக் குழந்தைக்கும் வர்ற பொறாமைதான். ஆனா அந்தப் பொறாமையை மேடையேத்தி யாரும் மார்க் போடுறதில்ல.

கடைசியா மிஸ் லில்லி. வெளிநாட்டுலேர்ந்து வந்த டீச்சரம்மா. தொடர்ல இவங்களுக்குக் குரல் குடுத்தது ஜூடி டென்ச். ஏஞ்சலினாவுக்கு அவங்க சொந்தப் பொண்ணு ஃபின்டி வில்லியம்ஸ். ஏஞ்சலினா நல்லா ஆடுறான்னு மிஸ் லில்லிக்குத் தெரியும். அதுக்காக மத்த பசங்களை விட்டுடறதில்ல.

இப்ப நம்ம பக்கம் வருவோம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ல ஆடாத புள்ளையைக் காட்டுங்க பார்ப்போம். ஆடி மாசம் கூழ் ஊத்துனா ஆட்டம், கல்யாணத்துக்கு ஆட்டம், சாவு மேளம் கேட்டாலே பையன்களுக்குக் கால் நிக்காது. பொண்ணுங்களுக்கு மட்டும் வயசுக்கு வர்ற வரைக்கும்தான் பர்மிஷன். கிளாஸ்னு ஒண்ணு மட்டும் கிடையாது. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ரெண்டு வாரம் ஒரு சினிமா பாட்டு பிராக்டிஸ், வாடகை டிரஸ், செவப்பா இருக்கிற புள்ள முன்வரிசையில. அதோட அடுத்த வருஷம்தான்.

அதுக்கு மேல போகணும்னா டிவி ரியாலிட்டி ஷோ. அங்க வாத்தியார் கிடையாது, ஜட்ஜ்தான் உண்டு. ஏழு வயசுப் புள்ள எலிமினேட் ஆகி அழுறதை க்ளோசப்புல காட்டி, பின்னாடி வயலின் வேற. பெரியவங்க சினிமாவுல ஆடுற, வயசுக்கு ஒவ்வாத அசைவுகளை சின்னப் பசங்களை ஆட வைக்காதீங்கன்னு தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2019 ஜூன்ல தனியார் சேனல்களுக்கு அறிவுரை அனுப்புச்சு. அரசாங்கம் சொல்ற அளவுக்குப் போச்சு பாருங்க.

என் கட்சி இதுதான்: ஆடுற குழந்தைக்கு முதல் தேவை வாத்தியார். மேடை அப்புறம் வந்தா போதும்.

"அது வெள்ளைக்கார பாலே, நமக்கு எதுக்கு"ன்னு சிலர் வருவீங்க. ருக்மிணி தேவிக்கு டான்ஸ் ஆசையைக் கிளப்பி விட்டதே அன்னா பாவ்லோவாங்கிற ரஷ்ய பாலே கலைஞர்தான். அவங்களும் முதல்ல பாலே கத்துக்கிட்டு, அப்புறம்தான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட உக்காந்தாங்க. 1936-ல கலாக்ஷேத்ரா வந்துச்சு. ஆனா அது இருக்கிறது திருவான்மியூர்ல, ஊரோட அந்தக் கோடி. எண்ணூர்லேர்ந்து கண்டெய்னர் லாரிக்கு நடுவுல ஒரு புள்ளையைக் கூட்டிக்கிட்டு அங்க போயிட்டு வந்தவங்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

வாத்தியார்னா என்னன்னு வடசென்னைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. பாக்சிங்ல அதை எப்பவோ பண்ணிக் காட்டியாச்சு. 2021-ல வந்த பா. ரஞ்சித்தோட 'சார்பட்டா பரம்பரை' ஞாபகம் இருக்கா? ஹார்பர்ல கூலி வேலை பார்க்கிற கபிலனுக்கு கிடைச்ச மிஸ் லில்லிதான் ரங்கன் வாத்தியார் :-) அம்மா பாக்கியம் விளக்குமாறு எடுத்தும் ஆசை அடங்கல, வாத்தியார் கை வச்சதும் அது வித்தையாச்சு. அதே வாத்தியார் ஜெயிலுக்குப் போன காலத்துல பையன் சாராயத்துல விழுந்தான். அதே படத்துல டான்சிங் ரோஸ்! கொஞ்ச நேரம்தான் வருவாரு. படம் வந்த புதுசுல எங்க தெருப் பொடிசுங்க பாதி பேர் டான்சிங் ரோஸ்தான். ஹீரோ கபிலனை விட்டுட்டு, ஆடுறவனைத்தான் பிடிச்சுது அதுங்களுக்கு.

ஏஞ்சலினா வசதியான வீட்டுப் புள்ள, டிரஸ்ஸும் ஃபீஸும் குடுக்க அப்பா இருக்காரு. அந்த வித்தியாசத்தை நானும் ஒத்துக்கிறேன். ஆனா மூட்டை தூக்குற பையனை பாக்சிங் வாத்தியாருங்க ஃபீஸ் பார்த்தா சேர்த்துக்கிட்டாங்க? ஆட்டத்துக்கும் அதே மாதிரி ஒரு இடம் வேணும். சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற கார்ப்பரேஷன் ஸ்கூல் ஹால் போதும். பறை, கானா, குத்துனு ஆடத் தெரிஞ்ச அண்ணனுங்களுக்கு நம்ம ஏரியாவுல பஞ்சமே இல்ல. வாரம் ரெண்டு நாள், மார்க் கிடையாது, எலிமினேஷன் கிடையாது. பொண்ணுங்க வயசுக்கு வந்த அப்புறமும் வரலாம்னு முதல் நாளே வீட்ல பேசிடணும்.

உங்க ஏரியாவுல இப்படி யாராவது நடத்துறாங்களா? தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: ஆட்டம் ஓயாம ஏஞ்சலினா மூணாவது தடவையா ஓடுது. பக்கத்து ரூம்ல தம் தம்னு சத்தம். கீழ் வீட்டுக்காரர் மேல வர்றதுக்குள்ள எஸ்கேப்.