அனுமதி கேட்காத இசை

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சுயாதீன இசைக்குழுவே இல்லையாம். இசை தெரிந்த நண்பர்கள் சிலர் என்னிடம் அடித்துச் சொல்கிறார்கள். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் பின்னால் நிற்கிறதாம். எனவே ‘நமக்கு நாமே’ என்று பேசும் தகுதி கிடையாதாம். 1977இல் இங்கிலாந்தின் பங்க் இளைஞர்கள் சொந்தக் காசில் இசைத்தட்டு போட்டார்களே, அதுதான் அளவுகோலாம்.

அந்த அளவுகோலைக் கடலூர் மாவட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் தோழர்களே. இங்கே பறை வெறும் வாத்தியமாக இருந்ததில்லை. பிறப்பால் தலையில் கட்டிய ஊழியம். ஊரில் யார் செத்தாலும் சேரியிலிருந்து ஆள் போயாக வேண்டும். கூலியை ஊர் முடிவு செய்யும். காட்டுமன்னார்கோயில் பகுதியில் ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று மக்களைத் திரட்டியவர் எல். இளையபெருமாள். 1969இல் தீண்டாமை பற்றி அறிக்கை தந்த இளையபெருமாள் குழுவின் தலைவரும் அவரே. அடிக்க மறுத்த அந்த அமைதியைத்தான் எங்கள் முதல் சுயாதீன இசை என்பேன். எந்த ராக் வரலாற்று நூலில் அது இருக்கிறது?

மறுக்க முடிந்தவர்களே விரும்பி எடுத்து அடிக்கவும் முடியும். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். மார்கழி மாதம், சபாக்களில் கச்சேரிக் காலம். அயோத்திதாசர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்பதைப் பெயராகச் சூடிக்கொண்டு 19 பேர் மேடை ஏறினார்கள். கானா, ராப், ராக் கிதார், பறை. மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் பாட்டாக்கினார்கள். எந்த சபா செயலாளரிடம் போய் இதற்குத் தேதி கேட்டிருக்க முடியும்?

சிதம்பரத்துக்காரனுக்கு இது நன்றாகவே புரியும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் சபாக்களுக்கு இன்றும் இனிக்கிறது. அதில் நந்தன் ஆண்டையிடம் அனுமதி கேட்டுக் கெஞ்சுகிறான், கடைசியில் தீயில் இறங்குகிறான். இனிக்காமல் என்ன செய்யும்! அதே ஊரில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளியே தொடங்கிவிட்டார். அவரும்தான் நன்கொடை வாங்கினார். பணம் எங்கிருந்து வந்தது என்று குடைகிறவர்கள், யாரிடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்துக் கல்லூரி விழாக்களில் பறையடிப்பவர் வாசலில் வரவேற்புக்கு மட்டும் நிற்கிறார், கிதார்காரர் மேடையில். பொங்கல் விழாவுக்குக் குழு தேடும் மாணவத் தோழர்கள் அவரையும் மேடையேற்றுங்கள், அழைப்பிதழில் பெயரைப் போடுங்கள், கிதாருக்குத் தரும் தொகையையே பறைக்கும் பேசுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.