உலாவியிலும் தமிழ் உறங்கலாமா?

தில்லையில் தேரோடும் தெருக்கள் நான்கு. அவற்றிலும் அண்ணாமலை நகர்ச் சாலையிலும் கணினிக் கடைகள் பல. மாணவர் தேர்வுக்குப் பதியச் செல்வதும், உழவர் பட்டாப் படி எடுக்கச் செல்வதும் அங்கேதான். பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும். கடைக்காரர் பேச்சில் தமிழ் இருக்கும். ஆனால் உலாவியைத் திறந்தவுடன் விரியும் பட்டியலோ பெரும்பாலும் ஆங்கிலம்! மேடையில் தனித்தமிழ் முழங்குவோரின் பையிலுள்ள பேசியும் இதற்கு விலக்கன்று. எவரும் இதனைக் கட்டளையிடவில்லை, எவரும் தேர்ந்தெடுக்கவுமில்லை. விற்றவன் வைத்தது வைத்தபடியே கிடக்கின்றது. ஆண்டான் கேளாதபோதும் குனிந்து நிற்பதே அடிமைத்தனத்துள் இழிந்த அடிமைத்தனம்!

இணையத்தின் வாயில் உலாவி. பிரித்தானிய அறிஞர் திம் பெர்னர்சு-லீ 1990-இல் அதன் முதல் வடிவை ஆக்கினார். அதன்பின் நெடுங்காலம் தமிழர்க்கு ஒரு சாக்கு இருந்தது. தளத்துக்குத் தளம் வேறு வேறு எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறுங் கட்டங்களாகவும் கிறுக்கல்களாகவும் தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் ஒழுங்கு தேடியது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியை ஏற்றது. இன்று புழக்கத்திலுள்ள உலாவிகள் தமிழைப் பழுதின்றிக் காட்டுகின்றன. சாக்குச் செத்தது, சோம்பல் சாகவில்லை!

‘பட்டியல் எம்மொழியில் இருந்தால் என்ன? படிக்கும் செய்தி தமிழ்தானே?’ என்பார் உளர். அறியாமை! உலாவி ஒரு தளத்தின் கதவைத் தட்டுந்தோறும், தன்னை ஆள்பவர் விரும்பும் மொழி இன்னதென்று ஒரு குறிப்பை உடன் அனுப்புகின்றது. பன்மொழித் தளங்கள் பல அக்குறிப்பைப் பார்த்தே எம்மொழியில் விடை தருவதெனத் தேர்கின்றன. மொழியமைப்பை மாற்றாத தமிழர், நாள்தோறும் கதவுதோறும், ‘எனக்குத் தமிழ் வேண்டா’ என்று தம்மையறியாமலே ஒப்பமிடுகின்றனர். பின்னர், ‘தமிழில் தரவில்லையே’ என்று புலம்பிப் பயனென்ன? கேளாதவர்க்குப் பரிமாறுவார் யார்?

அவ்வாறாயின், எவ்வுலாவியைத் தேர்வது? கூகுளின் குரோம் 2008-இல் வெளிவந்து உலகெங்கும் படர்ந்துள்ளது. அதற்குத் தமிழ்ப் பட்டியல் உண்டு. ஆனால், அதனை ஆக்கியோரின் வருவாயில் பெரும்பங்கு விளம்பரத்தினின்று வருவது. மக்களின் இணைய நடமாட்டமே அவ்விளம்பரத்துக்கு இரை. மொசில்லாவின் பயர்பாக்சு தனக்கெனத் தனிப்பொறி உடையது; மூலநிரல் திறந்தது; அதன் தமிழ் வடிவம் தன்னார்வத் தமிழரின் உழைப்பு. கூகுள் தேடலை முன்வைப்பதற்குப் பெறும் பணத்தையே அந்நிறுவனமும் பெரிதும் நம்பியுள்ளது என்பதை மறைத்தல் அறமன்று. தமிழ்நாட்டுச் சோகோ நிறுவனம் 2023-இல் வெளியிட்டது ‘உலா’. பின்தொடரும் ஒற்று நிரல்களைத் தடுப்பது தன் நோக்கமென்று அது கூறுகின்றது. இந்திய அரசு நடத்திய உலாவிப் போட்டியில் 2025-இல் ஒரு கோடி உருபா முதற்பரிசும் பெற்றது. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் ஒலித்த சொல்லை உலகறிய ஏந்தியமை பாராட்டுக்குரியதே.

ஆயினும் பெயரோடு நிறைவடைவது பேதைமை. உலாவின் உள்ளே இயங்குவதும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியப் பொறியே. சிற்றம்பலம் சிதம்பரமானபோது ஊர் இருந்தது, பெயர் பறிபோனது. இங்கோ பெயர் வந்தது, ஊர் வரவில்லை!

ஆகவே, தேர்வுக்கு வினாக்கள் மூன்று. பட்டியல் தமிழில் வருமா? ஆள்பவரை ஒற்றறியாமல் விடுமா? பொறி ஒரே பெருநிறுவனத்தின் பிடியில் அகப்படாதிருக்கின்றதா? இம்மூன்றுக்கும் இன்று நெருங்கி நிற்பது பயர்பாக்சே. எதனைத் தேர்ந்தாலும், அமைப்புகளைத் திறந்து மொழி வரிசையில் தமிழை முதலில் நிறுத்துக! சில மணித்துளி வேலை அது.

‘தமிழ்ப் பட்டியல் விளங்கவில்லை’ என்பார் விடை கூறட்டும்: அமைப்புகள், வரலாறு, பதிவிறக்கங்கள் — இவற்றுள் எது விளங்கவில்லை? பிழைபட்ட சொல் இருப்பின், மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளத்தில் எவரும் திருத்தம் முன்மொழியலாம். மொழிஞாயிறு பாவாணர் பணியாற்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் பத்துப்பேர் திங்களுக்கு ஒரு மாலை இதற்கென அமர்ந்தால், அக்குறையும் குறையும்.

2008-இல் தில்லைச் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட அரசாணை வேண்டியிருந்தது, காவற்படை வேண்டியிருந்தது. உலாவியில் தமிழை அமர்த்த ஆணை வேண்டா, படை வேண்டா, தடுப்பாரும் இலர். விரல் ஒன்று போதும். தமிழரே, அவ்விரலையும் அசைக்க மாட்டீரா?