நட்சத்திரத்தை எடைபோட ஓர் ஆயுள் போதாது!

கல்யாண மேடையில் ஐயர் கைகாட்டிய பக்கம் பார்த்து, பட்டப்பகலில் 'அருந்ததி தெரியுது' என்று தலையாட்டியவர்தானே நீங்கள்? ஏப்ரல், மே மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். வால் பகுதியில் உள்ள மூன்றில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். ஒட்டினாற்போல் மங்கலாகத் தெரிவது அருந்ததி. கண்ணுக்குத் தெரிவது இரண்டு. உண்மையில் அங்கே இருப்பது 6 நட்சத்திரங்கள்! வசிஷ்டரிடம் 4, அருந்ததியிடம் 2.

இப்படி ஒன்றையொன்று சுற்றும் நட்சத்திரங்களை ஏன் ஆராய்கிறார்கள்? எடை பார்க்கத்தான்.

சின்ன வயதில் கைகோத்துத் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். குண்டுப் பையன் சின்ன வட்டம் போடுவான், ஒல்லிப் பையன் பெரிய வட்டம் போடுவான். நட்சத்திரங்களும் அப்படித்தான். எவ்வளவு இடைவெளியில், எத்தனை காலத்தில் சுற்றுகின்றன என்று தெரிந்தால் எடையைக் கணக்குப் போட்டுவிடலாம்.

சிக்கல், அந்தக் காலம்தான். 1689-ல் புதுச்சேரியில் வால்நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான் ரிஷோ, 'ஆல்பா சென்டாரி' ஒன்றல்ல, இரண்டு எனக் கண்டுபிடித்தார். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 80 வருஷம். அன்றிலிருந்து இன்றுவரை நான்கு சுற்றுதான் முடிந்திருக்கிறது!

அவசரப்பட்டால் என்ன ஆகும்? சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், '70 ஓபியூக்கி' என்ற ஜோடியை அளந்தார். அதற்கு ஒரு சுற்று சுமார் 88 வருஷம். கணக்கிட்ட பாதையிலிருந்து நட்சத்திரம் கொஞ்சம் விலகியது. 'அங்கே ஒரு கோள் இருக்கலாம்' என்று 1855-ல் அறிவித்தார். ஆனால், பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தபோது அந்தக் கோள் இல்லை. ஒருவர் தவறவிட்டதை அடுத்த தலைமுறை அளந்து திருத்தியது.

அந்த வானாய்வகத்தின் வாரிசு, இன்று நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 1968-ல் சின்ன டெலஸ்கோப்போடு தொடங்கிய இடம். 1986-ல் 2.34 மீட்டர் டெலஸ்கோப் வந்தது.

இருட்டை நம்பித்தான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழே நம் ஊர்களில் வானத்தைப் பார்த்து எரியும் ஒவ்வொரு விளக்கும் அந்த இருட்டைக் கொஞ்சம் தின்கிறது. வாசல் விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். இப்போது பாதியில் இருக்கும் சுற்றை அளந்து முடிக்கப்போவது நம் பேரப்பிள்ளைகள். அவர்களுக்கு நட்சத்திரம் தெரிய வேண்டாமா?